சம்பந்தியம்மாள் தட்டில் கை வைக்கவில்லை

யாங்கோனில் எனக்குக் கிடைத்த மரியாதை உள்ளூரில் ஒருநாளும் கிடைத்ததில்லை. அங்கே நான் இத்தாலியச் சமையல் நிபுணன்.

நிபுணத்துவம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒருமுறை திருச்சியிலிருந்து கும்பலாகக் கிளம்பி இத்தாலி பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் பேருந்திலேயே கும்பகோணத்துச் சமையல்காரர் ஒருவரும் வந்தார். ரோமில் சாம்பார், வெனிஸில் வத்தக்குழம்பு, பீசாவின் சாய்ந்த கோபுரத்தடியில் புளிசாதம், அப்பளம். இத்தாலி மண்ணில் இத்தாலியர் கையால் நான் சாப்பிட்டது விமான நிலையத்தில் ஒரு காய்ந்த ரொட்டி. அதையும் பாதியில் வைத்துவிட்டேன்.

இந்த விவரமெல்லாம் ராணியக்காவுக்குத் தேவைப்படவில்லை. "தம்பி, நீ இத்தாலி எல்லாம் பாத்துட்டு வந்த ஆளு. நீ வந்து பக்கத்துல நின்னாத்தான் எனக்குத் தெம்பு" என்று தொலைபேசியில் அழுதாள். நான் உண்மையைச் சொன்னேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

ராணியக்கா என் பெரியம்மா மகள். ஊரே பர்மாவை விட்டுக் கிளம்பி வந்தபோது பெரியம்மா குடும்பம் மட்டும் அசையாமல் அங்கேயே தங்கிவிட்டது. அக்காவுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. ஆகவே அவள் மகள் மீனாவுக்கு நான்தான் தாய்மாமன். மீனா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அங்கே கூட வேலை பார்க்கும் தவிதே என்ற இத்தாலியப் பையனைக் கட்டிக்கொள்ளப்போகிறாள். பையனின் அம்மா லூச்சியா இத்தாலியின் தென்கோடியில் பூலியா என்ற பகுதியில் இருக்கிறார். பெண் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுப் பார்த்துத்தான் சம்மதம் சொல்வேன் என்று கிளம்பி வருகிறார். நம் ஊர்ச் சம்பந்திகளாவது பஜ்ஜி சொஜ்ஜியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

விமான நிலையத்திலிருந்து அக்கா வீடு இருக்கும் போட்டாதாங்குக்கு வாடகைக் காரில் போனேன். யாங்கோனில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. முந்திச் செல்லும்போது எதிரே வரும் லாரி எங்கள் ஓட்டுநருக்குத் தெரியாது, இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும். வழி முழுக்க நானும் ஓட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வண்டிக்காரருக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

அக்கா வீடு ஆற்றங்கரைக்குக் கிட்டே ஒரு பழைய கட்டடத்தின் உச்சிமாடியில். ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் கயிறு தொங்குகிறது. நுனியில் ஒரு கவ்வி. காய்கறி, செய்தித்தாள், சாவி எல்லாம் அதில்தான் ஏறி இறங்கும். அழைப்பு மணியும் அதுதான். நான் வேறு வீட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டேன். மேலேயிருந்து ஒரு கிழவர் எட்டிப் பார்த்து, காலிப் பால்பாத்திரம் ஒன்றை இறக்கினார். அதை வாங்கிக்கொண்டு நான் முழித்ததுதான் என் முதல் பர்மிய அனுபவம்.

படியேறி மூச்சிரைக்க உள்ளே போனேன். அத்தான் சிரித்துக்கொண்டே கை பிடித்து உட்காரவைத்தார். பெயர் லுவின். அக்கம்பக்கத்தில் மரியாதையாக ஊ லுவின். பௌத்தர். கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவருக்கு வந்த தமிழ் பெரும்பாலும் சாப்பாடு பற்றியது.

"தம்பி, சாப்பிடு. மெதுவா சாப்பிடு. நல்லா சாப்பிடு" என்றார். அதற்குமேல் ஒரு மொழியில் என்ன வேண்டும்?

அன்று ராத்திரி சோறு பரிமாறுவதற்கு முன் அத்தான் ஒரு சின்னத் தட்டில் முதல் அகப்பைச் சோற்றையும் கறியையும் எடுத்து, மேசைக் கோடியில் காலியாக இருந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தார். ஊச்சா என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு முதல் சோறு. அவர்கள் ஊரில் இல்லாவிட்டாலும், உலகத்திலேயே இல்லாவிட்டாலும் எடுத்துவைப்பது பர்மிய வழக்கம்.

"யாருக்கு அக்கா?"

"அப்பாவுக்குத்தான்" என்றாள். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

இங்கே பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மகள் ஒரு பர்மாக்காரரைக் காதலித்துக் கட்டிக்கொண்டதை அவர் மன்னிக்கவில்லை. சண்டை போட்டுப் பிரிந்திருந்தாலாவது பரவாயில்லை. அவர் வருவார். பேத்தியைக் கொஞ்சுவார். அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். அக்கா விதவிதமாக ஆக்கி முன்னால் வைப்பாள். கை வைக்கமாட்டார். சட்டைப்பையிலிருந்து தன் சொந்த வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆறிப்போன சோற்றைப் பார்த்தபடி இருந்துவிட்டுப் போவார். சாகும்வரைக்கும் அப்படித்தான். அந்த மனிதருக்குத்தான் மருமகன் தினமும் முதல் சோறு வைக்கிறார். இதில் யார் யாரைத் தண்டிக்கிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

விருந்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மீனா இதைப் பார்த்தே வளர்ந்தவள். என்னிடம் தனியாகச் சொன்னாள். அவள் தமிழ் யோசித்து யோசித்து வரும். "மாமா, தவிதேவோட அம்மா இங்க மனசா சாப்பிடணும். சாப்பிடலன்னா நான் கல்யாணம் பண்ணமாட்டேன். அம்மா பட்டது போதும். நானும் அதே மாதிரி நாற்காலி பாத்துட்டு இருக்க முடியாது."

போதாக்குறைக்கு தவிதே வேறு ஒரு செய்தி சொல்லியிருந்தான். இதற்கு முன்னால் ஒரு பெண் வீட்டில் அவன் அம்மா விருந்துக்குப் போய், ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டாராம். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்ததாம். பிள்ளைகளுக்குக் கேட்கத் தெரிந்தால் பாதிக் கல்யாணங்கள் ஒழுங்காக நடக்கும்.

மறுநாள் காலை அத்தான் என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். குழந்தைகளுக்கென்று செய்தது போன்ற குட்டி ஸ்டூலில் முழங்கால் தாடையை இடிக்க உட்கார வேண்டும். ஆளைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி சத்தம் எழுப்புகிறார்கள். திருச்சியில் இதைச் செய்தால் டீ வராது, போலீஸ்தான் வரும். எனக்கு மொஹிங்கா வந்தது. மீன் குழம்பில் சேமியா போட்டதுபோல இருக்கும் காலை உணவு. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அக்கா விருந்துக்கு முடிவு செய்திருந்த ஐட்டங்களை ஒப்பித்தாள். பிரியாணி, நண்டு, கோழி, மூன்று விதப் பாயசம், மேலே தக்காளிச் சாஸ் ஊற்றிய பிட்சா. நிபுணன் என்ற முறையில் நான் தலையிட்டேன்.

"அக்கா, அவங்க வீட்டுச் சாப்பாட்டை நாம செஞ்சு குடுத்தா உருகிப்போயிடுவாங்க."

சொன்ன பிறகுதான் அவர்கள் வீட்டுச் சாப்பாடு என்னவென்று எனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. நல்லவேளை மீனாவுக்குத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை லூச்சியா அம்மாள் வீட்டில் ஒரெக்கியெத்தே. ரவையைச் சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்து, சின்னச் சின்னதாய்க் கிள்ளி, கத்தி முனையால் இழுத்துக் கட்டைவிரலில் கவிழ்த்தால் குட்டிக் காதுபோல வரும். அதை ஒருவகைக் கசப்புக்கீரையோடு சேர்த்து வேகவைத்து, பூண்டு, மிளகாய், உப்பிட்ட நெத்திலி தாளித்துப் பிரட்ட வேண்டும். பக்கத்தில் மொச்சை மாதிரி ஒரு பயற்றை மசித்து எண்ணெய் ஊற்றி, வதக்கிய கீரையோடு. பாலாடைக்கட்டி மழையாய்ப் பொழியும் என்று எதிர்பார்த்திருந்த எனக்குப் பெரிய ஏமாற்றம். இத்தனை தூரம் விமானம் ஏறி வந்தது பருப்பும் கீரையும் செய்யவா?

லத்தா என்ற சீனர் பேட்டைக்குப் போய்ச் சாமான் வாங்கினோம். சீனர் கடைகளுக்கு நடுவே ரவை உடனே கிடைத்தது. பர்மாக்காரர்கள் அதில் கேக் செய்கிறார்கள். கசப்புக்கீரைக்குப் பதில் கடுகுக்கீரை. நெத்திலி சரியானதாய் அகப்படவில்லை. அத்தான் ஒரு கணம் யோசித்துவிட்டு, "ங்கப்பி" என்றார். ங்கப்பி என்பது மீனையோ இறாலையோ உப்பில் புளிக்கவைத்து அரைத்த விழுது. அதன் வாசனை பக்கத்துத் தெருவில் இருப்பவரையும் விசாரித்துவிட்டு வரும். நான் நிபுணன் என்ற முறையில் கடுமையாக எதிர்த்தேன். அத்தான் "கெய்சா மஷிபூ" என்றார். பரவாயில்லை என்று பொருள். இந்த நாட்டில் எந்த விவாதமும் இதோடு முடிந்துவிடுகிறது.

மாலை காது செய்து பழகினோம். மீனா கைப்பேசியில் ஒரு இத்தாலியப் பாட்டி செய்வதைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். பாதியில் மின்சாரம் போய் இணையமும் போயிற்று. மின்சாரம் இங்கே முறை வைத்து வருகிற விருந்தாளி. அதன்பிறகு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செய்ததெல்லாம் காது, மூக்கு, கொழுக்கட்டை என்று பலவிதமாய் வந்தன. அக்காவின் காதுகள்தான் அழகு. அவள் கண்ணெடுக்காமல் செய்துகொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் தவிதேயும் அம்மாவும் வந்து ஓட்டலில் இறங்கினார்கள். விருந்து மறுநாள்தான். அதுவரை அவர்களுக்கு ஊர் சுற்றிக்காட்டும் பொறுப்பு என்னுடையது. ஊர் தெரியாதவனிடம் ஊர் காட்டச் சொல்வது எங்கள் குடும்பத்தில் சகஜம். ஆற்று நடுவே தீவில் பகோடா என்னும் புத்தர் கோயில் இருக்கும் கியாக்தானுக்குக் கூட்டிப்போனேன்.

லூச்சியா அம்மாள் குட்டையாய், கறுப்பு உடுப்பில், கைப்பையை மார்போடு அணைத்தபடி இருந்தார். பகோடாவை ஒரு பார்வை பார்த்தார். வழியில் கீரைக்கட்டு விற்றவர்களை மட்டும் நின்று நின்று பார்த்தார். திரும்பும்போது கார் படுத்துவிட்டது. ஓட்டுநர் மூடியைத் திறந்து உள்ளே அனுதாபத்தோடு நோக்கினார். கடைசியில் சரக்கும் பயணிகளும் ஏற்றிக்கொண்டு யாங்கோன் போகும் ஒரு வண்டியில் ஏறினோம். பின்பக்கம் இரண்டு பலகை, நடுவே கீரை மூட்டை, கூரைமேல் ஆட்கள். மீனாவின் சம்பந்தம் இந்த வண்டியிலேயே முறிந்தது என்று நினைத்தேன்.

அந்த அம்மாளோ மூட்டைமேல் சௌகரியமாக உட்கார்ந்து, கீரைக்காரப் பெண்ணிடம் இத்தாலிய மொழியில் பேச ஆரம்பித்தார். அவள் பர்மிய மொழியில் பதில் சொன்னாள். கீரையைக் கிள்ளிக் காட்டினார்கள், முகர்ந்து காட்டினார்கள், தலையாட்டினார்கள். பிறகு கைப்பையிலிருந்து முறுக்குச் சுற்று மாதிரி ஏதோ உப்பு ரொட்டியை எடுத்தார். வண்டியில் இருந்த எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார். கூரைமேல் இருந்தவர்களுக்கும் கையை நீட்டிக் கொடுத்தார். கடைசி ஆள் கைக்குப் போனபிறகுதான் தன்னுடையதைக் கடித்தார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நிபுணர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

விருந்தன்று அக்கா விடியும் முன்பே எழுந்து குளித்துப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். சம்பந்தியம்மாள் படியேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அக்காவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அக்கா மூன்றாவதுக்கும் கன்னத்தைக் காட்டி நின்றாள். நல்ல ஆரம்பம்தான்.

மேசையில் சம்பந்தியம்மாள், தவிதே, தாய்மாமன் என்பதால் நான். மற்றவர்கள் நின்றார்கள். நம் வழக்கம் தெரியாதா? விருந்தாளி சாப்பிட்டு முடிக்கும்வரை வீட்டுக்காரர் உட்காருவது அவமரியாதை. அக்கா அகப்பையோடும், மீனா தண்ணீர்ச் சொம்போடும் காவல் நின்றார்கள். அத்தான் முதல் அகப்பையைச் சின்னத் தட்டில் எடுத்துக் காலி நாற்காலி முன்னால் வைத்துவிட்டு ஓரமாய் நின்றார். ஆவி பறக்கக் காதுகள் எல்லார் தட்டிலும் விழுந்தன.

சம்பந்தியம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

சிரித்தார். தட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். முள்கரண்டியைத் தொடவில்லை.

ங்கப்பி வாசனைதான் என்று நான் முடிவுகட்டி அத்தானை முறைத்தேன். அக்கா ஓடிப்போய்க் கத்தி கொண்டுவந்தாள். பிறகு ஸ்பூன். பிறகு அப்பளம். பிறகு எலுமிச்சை ஊறுகாய், தயிர், வாழைப்பழம். கடைசியில் தக்காளிச் சாஸ் பாட்டிலையே கொண்டுவந்து நடுவில் வைத்தாள். அதைப் பார்த்ததும் தவிதே கண்ணை மூடிக்கொண்டான். அந்நேரம் மின்விசிறியும் நின்றது. ரவைக் காதுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாகிக்கொண்டிருந்தன. பசியில் எனக்கு வயிறு கத்தியது. சம்பந்தியம்மாள் சாப்பிடாமல் தாய்மாமன் தின்ன முடியுமா?

அக்காவைக் காணவில்லை. அடுப்படிக்குப் போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா உக்காந்திருந்த மாதிரியேதான் இருக்கு, தம்பி. கையை மடியில வச்சுக்கிட்டு. அதே மாதிரியே பாக்குறாங்க. எங்கிட்ட என்ன குத்தம்னு ஒருத்தரும் சொல்லமாட்டேங்குறாங்களே."

அவள் தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

வெளியே தவிதே மீனாவிடம் ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். மீனா திரும்பி, "அம்மா, அவங்க கேக்குறாங்க. நீ எப்ப உக்காருவே?" என்றாள்.

"நானா? அவங்க மொதல்ல சாப்பிடட்டும். நான் உக்காந்தா யாரு பரிமாறுறது?"

மீனா அதை ஆங்கிலத்தில் சொல்ல, தவிதே இத்தாலிய மொழியில் சொல்ல, பதில் அதே வழியாகத் திரும்பி வந்தது.

"ஆஸ்பத்திரியிலதான் நர்ஸ் நின்னுக்கிட்டே சோறு குடுப்பாங்களாம். நான் வீட்டுக்குத்தானே வந்திருக்கேன்னு கேக்குறாங்க. ஆக்குனவங்க உக்காராத மேசையில அவங்க ஊருல யாரும் கரண்டி எடுக்கமாட்டாங்களாம். முன்னாடி போன அந்தப் பொண்ணு வீட்டுலயும் பொண்ணோட அம்மா கடைசிவரை உக்காரவே இல்லையாம். அதான் எந்திருச்சு வந்தாங்களாம்."

தவிதே வாயைப் பிளந்து தன் அம்மாவைப் பார்த்தான். அவனுக்கும் அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆக, இவர் மரியாதையாய்க் காத்திருக்க, அவள் மரியாதையாய் நிற்க, இரண்டு மரியாதைக்கும் நடுவில் சோறு களியாகிக்கொண்டிருந்தது. அத்தான் இன்னும் மூன்று ஸ்டூல்களை இழுத்துப் போட்டார். மீனா உட்கார்ந்தாள், அத்தான் உட்கார்ந்தார். அக்கா அகப்பையைக் கையில் பிடித்தபடியே, அடுத்த நிறுத்தத்தில் இறங்கப்போகிற பஸ் பயணிபோல ஸ்டூல் நுனியில் ஒட்டிக்கொண்டாள்.

சம்பந்தியம்மாள் முள்கரண்டியை எடுத்தார். மறுபடி கீழே வைத்தார்.

மேசைக் கோடியைக் காட்டினார். சின்னத் தட்டு, காலி நாற்காலி. இன்னும் யார் வரவேண்டும்?

மீனா மெதுவாகச் சொன்னாள். தாத்தா. உயிரோடு இல்லை. இருந்தபோது இங்கேதான் வந்து உட்காருவார். ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அப்பா தினமும் வைக்கிறார். தவிதே அதை மொழிபெயர்க்க நேரமெடுத்துக்கொண்டான். அம்மாள் அந்த நாற்காலியை, அத்தானை, பிறகு அக்காவை வெகுநேரம் பார்த்தார். பிறகு சந்தையில் பேரம் பேசுகிற குரலில் ஏதோ சொன்னார்.

தவிதே தயங்கித் தயங்கிச் சொன்னான். மீனா தமிழில் சொன்னாள்.

"அவர் வரப்போறதில்லன்னா அவருக்காக ஏன் எல்லாரோடதும் ஆறணும்? சாப்பிடுங்கன்றாங்க."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்புத்தான் முதலில் வந்தது. சத்தம் போட்டுச் சிரித்தாள். பிறகு பட்டுச்சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அகப்பையை மேசையில் வைத்துவிட்டு ஸ்டூலில் முழுசாக உட்கார்ந்தாள். விருந்தாளி எதிரில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சம்பந்தியம்மாள் சாப்பிட ஆரம்பித்தார். காதுகள் பாளம் பாளமாய்ப் பெயர்ந்து வந்தன. ஒரு வாய் மென்றார். முகத்தைச் சுளித்தார். உப்பு கம்மி என்றார். ஒட்டிப்போய்விட்டது, இது உன்னால்தான் என்று அக்காவிடம் கையாட்டிச் சொன்னார். நெத்திலி எங்கே பிடித்தீர்கள், இப்படி ஒரு மணம் எங்கள் கடலிலேயே இல்லையே என்றார். அத்தான் பெருமையோடு ங்கப்பி ஜாடியை எடுத்து வந்து திறந்தார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் விரலால் தொட்டு நக்கிவிட்டு, மறுபடி வேண்டும் என்று தட்டை நீட்டினார். அன்று நிபுணன் பதவியை ராஜினாமா செய்தேன். யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாவது முறை பரிமாற அக்கா எழப்போனபோது அவர் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, தானே அகப்பையை எடுத்தார். ஒரு சின்னத் தட்டு கேட்டார். அதில் கொஞ்சம் போட்டு, பெரியப்பா தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். "எங்க வீட்டுக்காரருக்கு. உயிரோட இருந்தவரைக்கும் என் சமையல்ல எப்பவும் குறை சொல்வார். இவரோட அவருக்கு நல்லா ஒத்துப்போகும்" என்றார்.

அப்படிச் சொன்னதே சம்மதம் என்று அத்தானுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய மீனாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அத்தான் வழக்கம்போல ஊச்சாத் தட்டுகளைப் பால்கனிச் சுவரில் கொண்டுபோய்க் கவிழ்த்தார். யாங்கோன் காகங்களைப் பற்றி நான் இதுவரை சொல்லவில்லை. ஊரே அவர்களுடையதுதான். ஒரு முரட்டுக் காகம் உடனே வந்து லூச்சியா அம்மாளின் கணவர் பங்கைக் கபளீகரம் செய்துவிட்டுப் பறந்தது. பின்னாலேயே ஒரு வயசான காகம் வந்தது. பெரியப்பா பங்குக்கு எதிரே நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தது. தொடவில்லை. நகர்ந்து நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அப்பாவேதான்" என்றாள் அக்கா.

சம்பந்தியம்மாள் என்ன விஷயம் என்று கேட்டார். மீனா சொன்னாள். அவர் பால்கனி வாசலுக்குப் போய், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தக் காகத்தைப் பார்த்து இத்தாலிய மொழியில் ஓர் அதட்டுப் போட்டார்.

காகம் அவரையும் பார்த்தது, அக்காவையும் பார்த்தது. பிறகு ஒரு காதைக் கொத்தி விழுங்கியது. அடுத்ததையும் கொத்தியது. அக்கா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது கடைசித் துண்டு வரைக்கும் தின்று முடிப்பதைப் பார்த்தபடி நின்றாள். இந்தமுறை அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.